அசிமினா நின்ற இடம்

கப்பல்கார ஊரான கலக்சிதியில் ஒரு பெண் யார் என்று தெரிந்துகொள்ள அவள் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் புனித நிக்கோலா கோயிலுக்குள் அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தால் போதும். இடது பக்கம் பெண்கள் பகுதி. அதில் முன் வரிசை கேப்டன்களின் மனைவிமாருக்கு. முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கக் கைப்பிடி வைத்த உயரமான மர இருக்கைகள் அங்கேதான் உண்டு. அவர்களுக்குப் பின்னால் துணைக் கேப்டன்களின் மனைவிமார். அதற்கும் பின்னால், தூணோடு தூணாக, மாலுமிகளின் வீட்டுப் பெண்கள். இதை எந்தப் பாதிரியாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டியிருந்தால் யாராவது ஒருத்தி மீறிப் பார்த்திருப்பாள்.

அசிமினாவுக்கு முன் வரிசையில் மூன்றாவது இடம். பத்தொன்பது வயதில் கேப்டன் ஸ்தாதிஸைக் கல்யாணம் செய்துகொண்ட மறு ஞாயிறு அங்கே போய் நின்றவள். அவள் நடையிலேயே அது தெரியும். கடைத்தெருவில் மீன் வாங்கப் போனாலும் முதுகு வளையாது. மீன்காரன் விலையைச் சொல்வதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றுவான். இதெல்லாம் பெருமையா என்று கேட்டால், ஆமாம், பெருமைதான். எங்கள் ஊரில் ஆண்களுக்குக் கடல் இருந்தது, துறைமுகங்கள் இருந்தன, சண்டை போட மார்செய் வரைக்கும் ஆள் இருந்தது. பெண்களுக்கு அந்த ஒரு முழ இடம்தான்.

ஸ்தாதிஸின் கப்பல் 'வர்வாரா'. இரண்டு பாய்மரம், கறுப்பு வயிறு, வெள்ளைக் கோடு. கட்டியவர் அசிமினாவின் அப்பா. ஒரு கப்பல் என்றால் எங்களுக்கு இருபத்துநாலு பங்கு. அதில் ஆறு பங்கை அவர் மகளுக்குச் சீதனமாக எழுதிவைத்தார். சீதனப் பங்கில் கை வைக்க வேண்டுமானால் பெண் சம்மதிக்க வேண்டும். பத்திர எழுத்தர் வீட்டுக்கே வந்து, படித்துக் காட்டி, அவள் கையால் ஒரு சிலுவைக் குறி வாங்கிக்கொண்டு போவார். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் அந்தச் சிலுவையைப் போடுவதற்கு முன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஸ்தாதிஸ் நல்ல கேப்டன். ஆனால் கேப்டன் மாதிரி இருக்க மாட்டார். காப்பிக்கடையில் மற்றவர்கள் மேசையைத் தட்டும்போது அவர் வாதுமைக் கொட்டையை உடைத்துக்கொண்டிருப்பார். யார் என்ன சொன்னாலும், "இருக்கலாம், இருக்கலாம்" என்பார். கடலில் குரலே உயராது என்று அவருடைய ஆட்கள் சொல்வார்கள். "நீங்க ஒரு தடவையாவது கத்தினாத்தான் என்ன? ஊரே உங்களைப் பாதிரியார்னு கேலி பண்ணுது" என்பாள் அசிமினா. "நம்ம வீட்ல ஒருத்தர் கத்தினா போதும்" என்பார் அவர்.

வருஷத்தில் ஒன்பது மாதம் காத்திருப்புதான் பெண்களின் வாழ்க்கை. மார்ச்சில் கப்பல்கள் போகும். டிசம்பர் ஆறாம் தேதி, புனித நிக்கோலா திருநாளுக்குள், ஒன்றொன்றாகத் திரும்பும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காற்று கொடுத்தால் வரும். முனையில் பாய் தெரிந்த பிறகுதான் பெண்கள் அடுப்புப் பற்றவைப்பார்கள். அதற்கு முன்னால் சமைப்பது கெட்ட சகுனம். குளிர்காலம் முழுதும் துறைமுகம் நிறைய மரங்கள் முளைத்த மாதிரி பாய்மரங்கள் நிற்கும். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். வீடுகளின் உள்கூரையில் இத்தாலியிலிருந்து ஆள் வரவழைத்துப் படம் வரையவைப்பார்கள். அந்த மூன்று மாதம் எங்கள் ஊர் வாழ்ந்த மாதிரி வேறு எந்த ஊரும் வாழ்ந்திருக்காது.

பிறகு நீராவிக்கப்பல்கள் வந்தன.

எங்கள் கேப்டன்மார் முதலில் சிரித்தார்கள். "பானையில ஏறிக் கடல் தாண்டறவன் கேப்டனாடா? சமையக்காரன்!" என்பது காப்பிக்கடையில் பத்து வருஷம் ஓடிய நகைச்சுவை. பத்து வருஷம் ஒரே நகைச்சுவைக்குச் சிரிக்கிறவர்களிடம் என்ன சொல்ல முடியும். ஸ்தாதிஸ் சிரிக்கவில்லை. ஓர் ஆண்டு பிராய்லா துறைமுகத்தில் தானியம் ஏற்றப் போய்விட்டு வந்து அசிமினாவிடம் சொன்னார்:

"இருபத்தாறு நாள் காத்துக் கிடந்தோம்டி. நாங்க போய்ச் சேந்தப்ப ஒரு புகைக்கப்பல் ஏத்திக்கிட்டு இருந்துச்சு. எங்க முறை வர்றதுக்குள்ள அதே கப்பல் போயி இறக்கிட்டுத் திரும்பி வந்து நிக்குது. அதுல இருந்த சமையக்காரன் எனக்குக் கையாட்டுறான், பழைய சிநேகிதன் மாதிரி."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நானும் கையாட்டினேன். வேற என்ன பண்றது?"

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்துநாலாம் ஆண்டு குளிர்காலத்தில் அசிமினாவின் அண்ணன் லூக்காஸ் ஒரு யோசனையோடு வந்தார். அவரும் கேப்டன்தான். ஆனால் தன் கப்பலை மனைவியின் தம்பியிடம் விட்டுவிட்டு, ஆந்திரோஸ் தீவுக்காரர் ஒருவருடைய நீராவிக்கப்பலில் ஓர் ஆண்டு சாதாரண ஆளாகப் போய் வேலை கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. அவர் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு குடும்பங்கள், நாலு பாய்க்கப்பல்கள். நாலையும் விற்று இங்கிலாந்தில் ஒரு பழைய நீராவிக்கப்பலை வாங்குவது என்பது திட்டம். மற்ற மூன்று குடும்பமும் ஒத்துக்கொண்டாயிற்று. மிச்சம் வர்வாரா.

அசிமினா பழ இனிப்பும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அண்ணே, ஒரு புகைக்கப்பலுக்கு எத்தனை கேப்டன்?"

"இதென்ன கேள்வி? ஒருத்தர்தான்."

"இப்ப நாலு பேரு இருக்கீங்களே."

"ரெண்டு பேருக்கு வயசாயிடுச்சு. வீட்ல குந்திக்கிட்டு லாபத்தை வாங்கிக்கிறோம்னுட்டாங்க. இந்தக் கப்பலை ஓட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். அதனால நான் கேப்டன். ஸ்தாதிஸ் துணைக் கேப்டன். ரெண்டு வருஷத்துல கத்துக்குவாரு. அடுத்த கப்பல் வாங்கறப்ப அது அவருக்கு. மெழுகுவத்தி மேல சத்தியம் பண்ணட்டுமா?"

அசிமினா கணவனைப் பார்த்தாள். அவர் கொட்டையை உடைத்து, பருப்பில் பாதியை லூக்காஸிடம் நீட்டினார். "எனக்குச் சம்மதம்" என்றார்.

அண்ணன் போனபிறகு அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஐம்பத்திரண்டு வயசுல இன்னொருத்தருக்குக் கீழயா? உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இருந்துச்சு. முட்டி வலிக்க ஆரம்பிச்சதும் போயிடுச்சு" என்றார் ஸ்தாதிஸ். "சொல்றதைக் கேளு. கத்தறதுக்கு உங்கண்ணன் இருக்காரு. முடிவு பண்றதுக்கும் அவரே இருக்காரு. நான் நாலு மணி நேரம் காவல் நின்னுட்டு காஞ்ச படுக்கையில போயிப் படுப்பேன். முப்பது வருஷமா காஞ்ச படுக்கையைக் கண்ணால பாக்கல அசிமினா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதைச் சொன்ன விதம் அப்படி. காய்ந்த படுக்கை என்னும்போது அவர் முகம் திருவிழாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அவள் சரி என்றாள். திங்கட்கிழமை பத்திர எழுத்தரை வரச்சொல்லி அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். உண்மையாகவே மனசார அனுப்பினாள். அதை அவளுக்குக் கணக்கில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பூசை முடிந்து எல்லாரும் சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றார்கள். லூக்காஸின் மனைவி பராஸ்கோ அசிமினாவுக்கு அடுத்த இடத்துக்காரி. இருவரும் கேப்டன் மனைவிகள். இருபது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் முழங்கை ஊன்றியவர்கள். பராஸ்கோ கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவள் அசிமினாவின் கையைப் பிடித்து, உண்மையான பாசத்தோடு, ஆனால் பின் வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"நீ ஒண்ணும் கவலைப்படாத அசிமினா. என் பக்கத்துலயே நின்னுக்கோ. யாரு என்ன சொல்லப் போறா? நான் இருக்கேன்ல?"

பின் வரிசையில் யாரோ ஒருத்தி தும்மினாள். தும்மலா சிரிப்பா என்று அசிமினாவுக்குத் தெரியவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. கேட்டால் நீங்கள்கூடச் சிரிப்பீர்கள். ஆனால் முன் வரிசையில் மூன்றாவது இடத்தில் தன் காலில் நின்ற ஒருத்திக்கு, அதே இடத்தில் நிற்க இன்னொருத்தி இரக்கப்பட்டு அனுமதி கொடுத்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்ப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது அசிமினாவின் காது இரண்டும் கொதித்தன. ஸ்தாதிஸ் பக்கத்தில் நடந்துகொண்டே இங்கிலாந்தில் மழை எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தையும் அவள் மனசில் ஏறவில்லை.

திங்கட்கிழமை எழுத்தர் வந்தார். லூக்காஸ் வந்தார். ஸ்தாதிஸ் கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். எழுத்தர் முழுதும் படித்துக் காட்டி, பேனாவை மையில் தோய்த்து, எங்கே சிலுவை போட வேண்டும் என்று விரலால் காட்டினார்.

"என் அப்பா எனக்குக் குடுத்தது பாய்க்கப்பல்" என்றாள் அசிமினா. "அதைப் புகையாக்க நான் என் கையால சிலுவை போட மாட்டேன்."

லூக்காஸ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னடி சொல்ற? முந்தாநாள்தான் சரின்னு ஆள் அனுப்பின?"

"அனுப்பினேன். இப்ப வேண்டாங்கறேன்."

"என்ன ஆச்சு? அதையாவது சொல்லு. கோபப்பட மாட்டேன்."

என்ன சொல்வது? 'உன் பெண்டாட்டி எனக்கு அவள் பக்கத்தில் இடம் கொடுத்தாள்' என்றா? வாயைத் திறந்தால் எவ்வளவு சின்ன விஷயம் என்பது அவளுக்கே கேட்டுவிடும். அவள் மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். லூக்காஸ் ஸ்தாதிஸைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க மச்சான். வீட்ல யாரு கேப்டன்?"

ஸ்தாதிஸ் மனைவியைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். "அவ பங்கு, அவ இஷ்டம்" என்றார். எழுத்தர் பக்கம் திரும்பி, "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ரெண்டு கொட்டையாவது சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

அன்றைக்கு அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால், பேனாவை எடுத்து அவள் கையில் திணித்திருந்தால், அவள் போட்டிருப்பாள். இதைப் பின்னால் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் கத்தாத மனிதரைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். பழியை அவர் மேல் போடவும் வழியில்லை.

கொடுமை என்னவென்றால் ஊர் அவளைக் கொண்டாடியது. காப்பிக்கடையில் கிழட்டுக் கேப்டன்கள் ஸ்தாதிஸுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்தார்கள். "உன் பெண்டாட்டி ஆம்பளைடா! பானைக்காரன் மூஞ்சில கரியைப் பூசிட்டா!" என்றார்கள். கடைத்தெருவில் இரண்டு வீதிக்கு முன்னாலிருந்தே அவளுக்கு வணக்கம் வந்தது. வர்வாரா விலகியதும் மற்ற இரண்டு குடும்பத்துக்கும் திடீரென்று ஆயிரம் யோசனை வந்தது. ஒருவருக்கு அப்பாவின் நினைவு வந்தது. ஒருவருக்கு இங்கிலாந்துக்காரன் மேல் சந்தேகம் வந்தது. திட்டம் ஒரே வாரத்தில் கரைந்து போனது. உள்ளுக்குள் எல்லாருக்கும் ஒன்றுதான்: இன்னொருவனுக்குக் கீழே நிற்பதா? அதை முதலில் சொல்ல ஒரு பெண் கிடைத்தாள் என்பதில் அவர்களுக்கு நிம்மதி. நூறு கேப்டன்களை வைத்திருந்த ஊர் ஒரே ஒரு கேப்டன் போதும் என்ற கப்பலை வாங்க மறுத்துவிட்டது. எங்களைப் போல முட்டாள்கள் உலகத்தில் இருக்கிறார்களா என்று எனக்கு அப்பப்போ கோபம் வரும்.

லூக்காஸ் வசந்தம் வரைக்கும் காத்திருக்கவில்லை. பராஸ்கோவைக் கூட்டிக்கொண்டு பிரேயஸ் துறைமுகத்துக்குக் குடிபோனார். ஆந்திரோஸ்காரர்களோடு சேர்ந்து அவர்களுடைய நீராவிக்கப்பல் ஒன்றில் பங்கு வாங்கி அதற்கே கேப்டனும் ஆனார். தங்கைக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. முன் வரிசையில் நாலாவது இடம் காலியானது.

அதன்பிறகு வர்வாராவுக்கு வேலை வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. தானியம் போயிற்று. நிலக்கரி போயிற்று. கோடைகாலச் சரக்கையெல்லாம் நீராவிக்கப்பல்கள் அள்ளிக்கொண்டு போக, அவற்றுக்கு வேண்டாத சரக்கு, வேண்டாத பருவம், அதுதான் பாய்க்கப்பலுக்கு மிச்சம். புனித நிக்கோலா திருநாளுக்குப் பிறகு கடலில் இறங்காதவர்கள் எங்கள் ஆட்கள். இப்போது குளிர்காலத்திலும் போக ஆரம்பித்தார்கள்.

எண்பத்தெட்டு ஜனவரியில் ஸ்தாதிஸுக்கு லெஃப்காடா தீவிலிருந்து ஸ்மிர்னா துறைமுகத்துக்கு உப்பு ஏற்றும் வேலை கிடைத்தது. அசிமினா மூட்டை கட்டிக்கொண்டே, "போகாதீங்க" என்றாள். "மார்ச்சுல வேற ஏதாவது வரும்."

"வராது. உனக்கே தெரியும்."

"காத்து சரியில்லைன்னா லெஃப்காடாவுலயே நிறுத்திப் போட்டுடுங்க. அவசரப்படாதீங்க."

ஸ்தாதிஸ் கம்பளிக் காலுறையை உருட்டி மூட்டையில் வைத்தார். "துணைக் கேப்டனா இருந்தா, நிறுத்தலாமா போலாமான்னு எனக்கு மேல ஒருத்தர் யோசிச்சிருப்பாரு" என்றார். "இப்ப நான்தானே யோசிக்கணும். பசங்க எல்லாம் என் மூஞ்சியத்தான் பாக்கறாங்க. அவங்க வீட்லயும் அடுப்பு எரியணுமே." குத்திக்காட்டவில்லை. அவருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. வழக்கம்போல் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். அவருடன் ஒன்பது பேர் போனார்கள்.

பிப்ரவரியில் துறைமுக அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. ஸ்மிர்னா போகும் வழியில் மலேயா முனைக்குத் தெற்கே புயலில் இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்றைப் பார்த்ததாக ஒரு நீராவிக்கப்பல் சொல்லியிருந்தது. முன் பாய்மரம் ஒடிந்து, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்ததாம். கறுப்பு வயிறு, வெள்ளைக் கோடு. இரண்டு தடவை நெருங்கப் பார்த்தார்களாம், அலை விடவில்லை. மூன்றாம் தடவை திரும்பி வந்தபோது கப்பலைக் காணோம்.

நாற்பதாம் நாள் நினைவுப் பூசைக்குப் பத்து வீட்டில் படையல் கோதுமை வேகவைத்தார்கள். எங்கள் தெருவில் அன்று முழுக்க அந்த வாசனைதான். உடம்பு கிடைக்கவில்லை, ஒருவருடையதுகூட. கோயிலில் பாதிரியார் பத்துப் பெயரையும் படித்தார். முதல் பெயர் கேப்டனுடையது. அசிமினா முன் வரிசையில் தன் இடத்தில் நின்றாள். துணைக் கேப்டனின் மனைவி பின்னால் நின்றாள். அவளுக்கும் பின்னால், தூணோடு தூணாக, எட்டுப் பெண்கள் கறுப்புத் துணியில் நின்றார்கள். அவர்களில் ஒருத்திக்கு இருபது வயதுகூட இல்லை. திரும்பிப் பார்க்காமலே அந்த ஒன்பது பேரும் தன் முதுகில் நிற்பது அசிமினாவுக்குத் தெரிந்தது. யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. அவள் ஏன் மறுத்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கேப்டன் விதவை என்று அவள் கையை முத்தமிட்டுப் போனார்கள்.

அன்று அவளுக்குத் தோன்றியது: ஓடிப்போய்ப் பின் சுவரோரம் நிற்க வேண்டும். அல்லது இவர்கள் எதிரில் திரும்பி நின்று உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லை. நகரவுமில்லை. எட்டு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்தில் போய் நின்றாள். இப்போது அது தண்டனையாக இருந்தது. யாரும் கொடுக்காத தண்டனை என்பதால் குறைக்கவும் யாரும் இல்லை. பக்கத்து இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கேப்டன் குடும்பங்கள் பிரேயஸுக்கும் பிராய்லாவுக்கும் போயின. ஓவியம் தீட்டிய கூரைகள் ஈரத்தில் உப்பின.

தொண்ணூற்றாறு வசந்தத்தில் அவளுடைய ஒரே மகளிடமிருந்து கடிதம் வந்தது. பிரேயஸில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிரசவம், அம்மா வந்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தாள். கடிதத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது: 'மாமா கப்பல் எதிர்க்கரை வோஸ்திட்சாவில் உலர்ந்த திராட்சை ஏற்ற வருகிறது. வியாழக்கிழமை உன்னை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.'

வியாழக்கிழமை என்று எழுதியிருந்தது. வியாழக்கிழமை காலையில் புகை தெரிந்தது.

லூக்காஸ் படகில் தானே வந்து அவளை ஏற்றிக்கொண்டார். அவர் முடி முழுக்க நரைத்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்:

"மூட்டை இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணே."

"காலைப் பாத்து வை. ஏணி வழுக்கும்."

கப்பல் வளைகுடாவில் கிழக்கே திரும்பியது. காற்று நேர் எதிரே அடித்தது. இந்தக் காற்றில் வர்வாராவாக இருந்தால் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவே முடியாது. இந்தக் கப்பலோ ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. லூக்காஸ் மேல்தளத்தில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அசிமினா கீழே சரக்கறை மூடியின் மேல் உட்கார்ந்தாள். குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அம்மா, அங்க வேண்டாம். இந்தப் பக்கம் வந்து குந்துங்க. கொதிகலன் சூடு முதுகுக்கு இதமா இருக்கும்" என்றான் ஒருவன். நாற்பது வயதிருக்கும். மடியில் தட்டு வைத்து மொச்சையும் வெங்காயமும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். "நீ யாருப்பா?"

"லினார்தோஸ். ஆந்திரோஸ்காரன். இந்தக் கப்பல்ல துணைக் கேப்டன். உங்க அண்ணன் திட்டறதுக்குன்னே சம்பளம் குடுத்து என்னை வச்சிருக்காரு. ஒரு மணி நேரமா வேற ஆளைத் திட்டறாரு, அந்தச் சந்தோஷத்துல சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

துணைக் கேப்டன். அவள் அவனைப் பார்த்தாள். அவன் சட்டை காய்ந்திருந்தது. காலணி காய்ந்திருந்தது.

"வீட்ல எத்தனை பேரு?"

"பொண்டாட்டி, மூணு பசங்க. சனிக்கிழமை போயிடுவேன்."

"சனிக்கிழமையா? உனக்கு எப்படித் தெரியும்?"

லினார்தோஸுக்குக் கேள்வி புரியவில்லை. "சனிக்கிழமைதாம்மா. வெள்ளிக்கிழமை சரக்கு இறக்கிடுவோம். அவளுக்கும் தெரியும். முதல் நாளே மொச்சையை ஊறப் போட்டுடுவா. ஒரு நாள் தள்ளிப்போச்சுன்னா, ஊறினது வீணாப்போச்சேன்னு வாசல்லயே பிடிச்சுக்குவா. மாசம் ஒரு தடவை இந்தக் கூத்து."

இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அசிமினா ஒரு நாள்கூட வரப்போகிற மனிதனுக்காக ஒரு பிடி மொச்சை ஊறப்போட்டதில்லை. அப்படி ஒரு வாழ்க்கை இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. அது கையெட்டும் தூரத்தில், மேசை மேல், மை தோய்த்த பேனாவோடு இருந்திருக்கிறது.

அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏம்ப்பா, நீ கேப்டன் இல்லையேன்னு அவளுக்குக் குறை ஒண்ணும் இல்லையா?"

லினார்தோஸ் வாய்விட்டுச் சிரித்தான். "எதுக்குக் குறை? கேப்டன் பொண்டாட்டின்னா அவளோட ஆளு என்ன வெள்ளிக்கிழமையே வந்துடுவாரா?" சிரித்து முடித்துவிட்டு, அவளுடைய கறுப்புத் துணியை அப்போதுதான் கவனித்தவன் மாதிரி குரலைத் தாழ்த்தினான். "உங்க வீட்டுக்காரரும் கடல்லதான் இருந்தாரா அம்மா?"

"ஆமா. கேப்டன்."

"பெரிய ஆளுதான்."

"அவருக்குத் துணைக் கேப்டனாப் போகணும்னுதான் ஆசை" என்றாள் அசிமினா. "இதே மாதிரி ஒரு கப்பல்ல. உன் இடத்துல. நான்தான் விடல."

லினார்தோஸ் சாப்பிடுவதை நிறுத்தினான். தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். வாயில் வைக்க முடியவில்லை.